ஜாவா வெப் சர்வீஸ்: தானாக உருவான கோடிங்கைத் தொடாமல் மாற்றுவது எப்படி?

ஜாவாவில் ஒரு வெப் சர்வீஸை அழைக்க நாம் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. அந்தச் சர்வீஸைப் பற்றிய விவரம் ஒரு பைலில் இருக்கும். அதை ஒரு டூலிடம் கொடுத்தால் தேவையான கிளாஸ்கள் அனைத்தையும் அதுவே எழுதித் தந்துவிடும். சில விநாடிகளில் வேலை முடிந்தது. ஆனால் அதன் பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. வந்த கோடிங் நமக்குப் பிடித்த மாதிரி இருக்காது. மெத்தட் ஒன்றுக்கு ஆறு பாராமீட்டர்கள் இருக்கும். தேதி நமக்குப் பழக்கமில்லாத டைப்பில் வரும். சர்வர் முகவரி கிளாஸுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். உடனே கை துறுதுறுக்கும். அந்தப் பைலைத் திறந்து நாலு வரி மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றும்.

வேண்டாம். அந்தப் பைல்களைத் தொடாமலேயே நமக்கு வேண்டிய எல்லா மாற்றங்களையும் செய்ய முடியும். அது எப்படி என்பதை ஓர் உண்மையான சர்வீஸை வைத்தே இந்தக் கட்டுரையில் பார்ப்போம். ஜாவாவில் கிளாஸ், ஆப்ஜெக்ட், இன்டர்பேஸ் ஆகியவை தெரிந்திருந்தால் போதும்.

ஒரு சிறு குறிப்பு. கிளாஸ், மெத்தட், ஆப்ஷன் பெயர்களை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் எழுதிக் கொள்ளுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை டூல் உருவாக்கிய பைல்களில் உள்ளபடியே பின்பற்றுங்கள்.

நம் உதாரணம்: ஐரோப்பாவின் வாட் எண் சோதனை

நம் ஊரில் ஜி.எஸ்.டி. எண் இருப்பது போல ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வியாபாரிகளுக்கு வாட் எண் உண்டு. ஒரு வாட் எண் செல்லுமா செல்லாதா என்று சோதிக்க ஐரோப்பிய ஆணையம் ஒரு வெப் சர்வீஸை நடத்துகிறது. அதன் பெயர் வாட் இன்பர்மேஷன் எக்ஸ்சேஞ்ச் சிஸ்டம், சுருக்கமாக வீஸ். இதற்குக் கட்டணம் கிடையாது. அதனால் வீட்டில் உட்கார்ந்து பழகுவதற்கு மிகவும் ஏற்றது. ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அக்கவுண்ட்ஸ் சாப்ட்வேர் எழுதும் நண்பர்கள் இதை அலுவலகத்திலேயே சந்தித்திருக்கலாம்.

இந்தச் சோதனையில் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் உள்ள ஒரு கடைக்காரர் பிரான்சில் உள்ள வியாபாரிக்குச் சரக்கு அனுப்பினால், வாட் வரி போடாமல் பில் எழுதலாம். ஆனால் வாங்குபவரிடம் வேறொரு உறுப்பு நாட்டின் செல்லுபடியாகும் வாட் எண் இருக்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் இது வெறும் சம்பிரதாயம் அல்ல, வரி விலக்குக்கான அடிப்படை நிபந்தனை. செல்லாத எண்ணை நம் புரோகிராம் "செல்லும்" என்று சொல்லிவிட்டால் அந்த வரி பிறகு விற்றவர் தலையில் விழும். செல்லும் எண்ணை "செல்லாது" என்று சொல்லிவிட்டால் நல்ல வாடிக்கையாளருக்குத் தேவையில்லாமல் வரி போட்டு பில் போகும். இந்த இரண்டும் நடக்கக் கூடாது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், கட்டுரையின் பின்பகுதியில் தேவைப்படும்.

டூல் எங்கே கிடைக்கும்?

நாம் பயன்படுத்தப் போகும் டூலின் பெயர் டபிள்யூஎஸ்இம்போர்ட். 2006-ல் வெளியான ஜாவா 6 முதல் இது ஜே.டி.கே.யுடனேயே வந்தது. ஜாவா 8 வைத்திருப்பவர்களின் பின் போல்டரில் இன்றும் இருக்கும். 2018-ல் வந்த ஜாவா 11-லிருந்து இதை நீக்கிவிட்டார்கள். எனவே புதிய ஜாவா வைத்திருப்பவர்கள் எக்லிப்ஸ் அமைப்பின் மெட்ரோ என்ற தொகுப்பை டவுன்லோட் செய்ய வேண்டும். மேவன் பயன்படுத்துபவர்கள் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் மேவன் பிளக்-இன்னைச் சேர்த்துக் கொண்டால் போதும்.

அடுத்து, சர்வீஸின் விவரப் பைல். இதை டபிள்யூ.எஸ்.டி.எல். பைல் என்பார்கள், பேச்சு வழக்கில் விஸ்டில். வீஸ் தளத்தின் தொழில்நுட்பத் தகவல் பக்கத்தில் இதற்கான லிங்க் உள்ளது. அதை டவுன்லோட் செய்து உங்கள் புராஜெக்ட் போல்டரில் சேமித்துக் கொள்ளுங்கள். நேரடியாக இணைய முகவரியையும் டூலுக்குக் கொடுக்கலாம். ஆனால் நான் எப்போதும் ஒரு பிரதியைச் சேமித்து வைத்துக் கொள்வேன். இணையம் இல்லாத நேரத்திலும் வேலை நடக்கும். சர்வீஸ் நடத்துபவர்கள் நாளை விஸ்டிலை மாற்றினால் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

இப்போது கமாண்ட் பிராம்ப்டில் டபிள்யூஎஸ்இம்போர்ட் என்று டைப் செய்து, விஸ்டில் பைலின் பெயரைக் கொடுங்கள். தேவைப்படும் ஆப்ஷன்கள் இவை. ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஹைபன் வரும்.

1. கீப்: கம்பைல் ஆன பிறகும் ஜாவா சோர்ஸ் பைல்களை அழிக்காமல் வைத்திருக்கும்.
2. எஸ்: சோர்ஸ் பைல்கள் எந்தப் போல்டரில் போக வேண்டும் என்று சொல்லும்.
3. டி: கம்பைல் ஆன கிளாஸ் பைல்கள் எந்தப் போல்டரில் போக வேண்டும் என்று சொல்லும்.
4. பி: பேக்கேஜின் பெயரை நாமே கொடுக்க உதவும். கொடுக்காவிட்டால் விஸ்டிலில் உள்ள நேம்ஸ்பேஸைத் திருப்பிப் போட்டு நீளமான பெயர் ஒன்றை டூலே வைத்துவிடும்.
5. பி (ஆங்கில அகர வரிசையின் இரண்டாம் எழுத்து, சிறிய எழுத்தில்): பைண்டிங் பைலைக் கொடுக்க. இதைப் பற்றித்தான் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

என்னென்ன உருவாகிறது?

டூல் ஓடி முடிந்ததும் சோர்ஸ் போல்டரைத் திறந்து பாருங்கள். முக்கியமாக மூன்று வகைப் பைல்கள் இருக்கும்.

செக்வாட்சர்வீஸ் என்ற கிளாஸ்தான் நுழைவாசல். விஸ்டில் இருக்கும் இடம் இதற்குள் எழுதப்பட்டிருக்கும். இதிலிருந்துதான் போர்ட் என்ற ஆப்ஜெக்டைப் பெறுகிறோம்.

செக்வாட்போர்ட்டைப் என்பது இன்டர்பேஸ். சர்வீஸில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் இதில் ஒரு மெத்தட் இருக்கும். செக்வாட் என்ற மெத்தட் அவற்றில் ஒன்று.

மீதி எல்லாம் டேட்டா கிளாஸ்கள். அனுப்பும் தகவலுக்கு ஒரு கிளாஸ், திரும்பி வரும் தகவலுக்கு செக்வாட்ரெஸ்பான்ஸ் என்று ஒரு கிளாஸ், அவற்றை உருவாக்கித் தர ஆப்ஜெக்ட்பேக்டரி.

செக்வாட் மெத்தடை உற்றுப் பாருங்கள். அதற்கு ஆறு பாராமீட்டர்கள். நாட்டுக் குறியீடு, வாட் எண், கேட்ட தேதி, செல்லுமா என்ற விடை, பெயர், முகவரி. ஒவ்வொன்றும் ஹோல்டர் என்ற டப்பாவுக்குள் இருக்கும். மெத்தட் எதையும் திருப்பித் தராது, அதாவது வாய்ட். ஏன் இப்படி? நாம் அனுப்பும் நாட்டுக் குறியீட்டையும் எண்ணையும் சர்வர் தன் பதிலிலும் திருப்பி அனுப்புகிறது. அதோடு வேறு நான்கு விடைகளும் சேர்ந்து வருகின்றன. ஜாவா மெத்தட் ஒன்றால் ஒரு விடையைத்தான் ரிட்டர்ன் செய்ய முடியும். எனவே டூல் எல்லாவற்றையும் டப்பாக்களில் போட்டுத் தருகிறது. தவறு ஒன்றும் இல்லை, ஆனால் எழுதவும் படிக்கவும் அழகாக இல்லை.

ஏன் பைலைத் திருத்தக் கூடாது?

முறுக்கு பிழிகிறோம். வடிவம் பிடிக்கவில்லை என்றால் பிழிந்த ஒவ்வொரு முறுக்கையும் கையால் நெளித்துக் கொண்டிருப்போமா? அச்சை மாற்றுவோம். இங்கேயும் அதேதான்.

டூல் அடுத்த முறை ஓடும்போது பழைய பைல்களின் மேலேயே புதியவற்றை எழுதிவிடும். உங்களிடம் அனுமதி கேட்காது. நீங்கள் கையால் செய்த திருத்தம் சத்தமில்லாமல் போய்விடும். எந்தெந்த இடத்தில் என்ன திருத்தினோம் என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? சில திருத்தங்கள் போனால் கம்பைல் ஆகும்போதே தெரிந்துவிடும். உதாரணமாக, மெத்தடின் பெயரை மாற்றியிருந்தால் உடனே எர்ரர் வரும். ஆனால் டைம்-அவுட் வைத்தது, எர்ரரைப் பிடித்தது போன்ற திருத்தங்கள் போனால் எந்த எர்ரரும் வராது. புரோகிராம் ஓடிக் கொண்டே இருக்கும், தவறாக.

மறுபடி டூலை ஓட்ட வேண்டிய நிலையே வராது என்று நினைக்க வேண்டாம். சர்வீஸ் மாறலாம், ஜாவாவே மாறலாம். 2020-ல் ஜகார்தா இ.இ. 9 வந்தபோது, ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்தா என்று மாறின. பழைய டூல் உருவாக்கிய கிளாஸ்கள் புதிய லைப்ரரியுடன் சேராது. அப்போது எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கித்தான் ஆக வேண்டும். பைல்களைத் தொடாமல் வைத்திருந்தவர்களுக்கு அது சிறிய வேலை. உள்ளே கை வைத்தவர்களுக்கோ ஒவ்வொரு வரியையும் தேட வேண்டிய வேலை.

சரி, மாற்றங்களை எங்கே செய்வது? மூன்று இடங்கள் உள்ளன. கோடிங் உருவாவதற்கு முன், சர்வீஸை அழைக்கும் நேரத்தில், நம் சொந்தக் கிளாஸில். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் இடம்: பைண்டிங் பைல்

கிளாஸ்களின் உருவத்தை மாற்ற வேண்டுமானால் அச்சை மாற்ற வேண்டும் அல்லவா? அந்த அச்சுதான் பைண்டிங் பைல். இது ஒரு சாதாரண எக்ஸ்.எம்.எல். பைல். நோட்பேடிலேயே எழுதலாம். நான் இரண்டு பைல்களாக வைத்துக் கொள்வேன். ஒன்று மெத்தட்களுக்கு, மற்றொன்று டேட்டா கிளாஸ்களுக்கு. ஒவ்வொன்றையும் பைண்டிங் ஆப்ஷன் மூலம் தனித்தனியாக டூலுக்குக் கொடுக்கலாம்.

முதல் பைலில் வெளி எலிமென்டின் பெயர் பைண்டிங்ஸ். அதன் நேம்ஸ்பேஸ் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்க்கு உரியது. விஸ்டில்லொகேஷன் என்ற அட்ரிபியூட்டில் நம் விஸ்டில் பைலின் பெயரைக் கொடுக்க வேண்டும். கமாண்டில் கொடுக்கும் பைலும் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டூல் ஏற்காது. அதற்குள் எனேபிள்ரேப்பர்ஸ்டைல் என்ற எலிமென்டை எழுதி, மதிப்பை பால்ஸ் என்று கொடுங்கள்.

டூலை மறுபடி ஓட்டுங்கள். செக்வாட் மெத்தட் இப்போது எப்படி இருக்கிறது? ஆறு டப்பாக்களும் போய்விட்டன. ஒரே ஒரு ஆப்ஜெக்டை வாங்கிக் கொண்டு செக்வாட்ரெஸ்பான்ஸ் என்ற ஒரே ஆப்ஜெக்டைத் திருப்பித் தருகிறது. ஒரே வரியில் எவ்வளவு மாற்றம் பாருங்கள்.

ஆனால் செக்வாட்ரெஸ்பான்ஸ் கிளாஸைத் திறந்தால் வேறொரு தொல்லை கண்ணில் படும். பெயரும் முகவரியும் ஸ்டிரிங்காக இல்லாமல் ஜாக்ஸ்பிஎலிமென்ட் என்ற உறைக்குள் இருக்கும். காரணம், விஸ்டிலில் இந்த இரண்டும் இல்லாமலே போகலாம், இருந்தாலும் நல் ஆகவும் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். "வரவே இல்லை", "காலியாக வந்தது" என்ற இரண்டு நிலைகளையும் பிரித்துக் காட்டத்தான் டூல் இந்த உறையைப் போடுகிறது. நமக்கு அந்த வித்தியாசம் தேவையில்லை. இரண்டாவது பைண்டிங் பைலில் குளோபல்பைண்டிங்ஸ் என்ற எலிமென்டை எழுதி, அதில் ஜெனரேட்எலிமென்ட்ப்ராப்பர்ட்டி என்ற அட்ரிபியூட்டுக்கு பால்ஸ் கொடுங்கள். இந்தப் பைலின் நேம்ஸ்பேஸ் ஜாக்ஸ்-பி க்கு உரியது. உறை போய், சாதாரண ஸ்டிரிங் வந்துவிடும்.

நேம்ஸ்பேஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஜாவா 8-ல் உள்ள பழைய டூலுக்கு சன் நிறுவனக் காலத்து நேம்ஸ்பேஸ் முகவரிகள். புதிய மெட்ரோவுக்கு ஜகார்தா முகவரிகள். மாற்றி எழுதினால் வேலை செய்யாது.

தேதிக்கு ஒரு வழி

கேட்ட தேதி எக்ஸ்எம்எல்கிரிகோரியன்காலண்டர் என்ற டைப்பில் வருகிறது. ஜாவா 8 முதல் கிடைக்கும் லோக்கல்டேட் நமக்குப் போதும். இதையும் பைண்டிங் பைலிலேயே சொல்லிவிடலாம்.

குளோபல்பைண்டிங்ஸுக்குள் ஜாவாடைப் என்ற எலிமென்டை எழுதுங்கள். அதில் நான்கு அட்ரிபியூட்கள் வேண்டும். நேம் என்பதில் லோக்கல்டேட்டின் முழுப் பெயர். எக்ஸ்எம்எல்டைப் என்பதில் எக்ஸ்.எம்.எல். ஸ்கீமாவின் டேட் டைப். பார்ஸ்மெத்தட், பிரின்ட்மெத்தட் ஆகிய இரண்டிலும் நாம் எழுதப் போகும் ஸ்டாட்டிக் மெத்தட்களின் பெயர்கள். பார்ஸ் மெத்தட் ஸ்டிரிங்கை வாங்கி லோக்கல்டேட்டைத் தரும். பிரின்ட் மெத்தட் அதன் தலைகீழ். இரண்டிலும் நல் வந்தால் நல் திருப்பித் தரும்படி எழுதிவிடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வீஸ் அனுப்பும் தேதி ஆண்டு, மாதம், நாள் என்பதோடு நிற்காது. பின்னால் +01:00 போன்ற நேர வித்தியாசமும் ஒட்டிக் கொண்டு வரும். லோக்கல்டேட்டின் சாதாரண பார்ஸ் மெத்தட் இதைப் பார்த்ததும் எக்ஸெப்ஷன் கொடுத்துவிடும். எனவே டேட்டைம்பார்மேட்டர் கிளாஸில் உள்ள ஐஎஸ்ஓ டேட் என்ற வடிவத்தை இரண்டாவது பாராமீட்டராகக் கொடுங்கள். நேர வித்தியாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஏற்றுக் கொள்ளும். ஐஎஸ்ஓ லோக்கல் டேட் என்று இன்னொன்று இருக்கிறது, அது ஏற்காது. பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் கவனம் தேவை.

இன்னொன்று. உருவாகும் கோடிங் இப்போது நம் கிளாஸை அழைக்கிறது. டூல் தானே கம்பைல் செய்ய முயலும்போது நம் கிளாஸ் கிடைக்காமல் எர்ரர் வரலாம். எக்ஸ்நோகம்பைல் என்ற ஆப்ஷனைக் கொடுத்துவிட்டால் டூல் சோர்ஸ் பைல்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக் கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் நாமே ஒன்றாக கம்பைல் செய்து கொள்ளலாம்.

இரண்டாம் இடம்: அழைக்கும் நேரத்தில்

சர்வர் முகவரி, டைம்-அவுட், பாஸ்வேர்ட் போன்றவை கிளாஸின் உருவத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒவ்வோர் இடத்திலும் மாறக் கூடியவை. இவற்றுக்கு பைண்டிங் பைல் தேவையில்லை. நமக்குக் கிடைக்கும் போர்ட் ஆப்ஜெக்ட் வெளியே செக்வாட்போர்ட்டைப் போலத் தெரிந்தாலும் உள்ளே பைண்டிங்புரொவைடர் என்ற இன்டர்பேஸையும் தாங்கியிருக்கிறது. அதை அந்த டைப்புக்கு காஸ்ட் செய்து, கெட்ரெக்வெஸ்ட்கான்டெக்ஸ்ட் என்று அழைத்தால் ஒரு மேப் கிடைக்கும். நமக்கு வேண்டியதை அதில் புட் செய்ய வேண்டியதுதான்.

முகவரி: எண்ட்பாயின்ட் அட்ரஸ் ப்ராப்பர்ட்டி என்ற கான்ஸ்டன்டைச் சாவியாக வைத்து புதிய முகவரியைக் கொடுங்கள். விஸ்டிலில் எழுதியிருக்கும் முகவரி ஹெச்.டி.டி.பி. என்று தொடங்கி, சர்வர் ஹெச்.டி.டி.பி.எஸ்.க்கு அனுப்பிவிடும் சந்தர்ப்பங்களில் இது மிகவும் உதவும். ஜாவாவின் ஹெச்.டி.டி.பி. இணைப்பு இந்த இரண்டுக்கும் இடையே தானாகத் தாவாது.

டைம்-அவுட்: இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் மெட்ரோ பதிலுக்காகக் காத்துக் கொண்டே இருக்கும், கால வரையறையே கிடையாது. அதற்கு இரண்டு சாவிகள் உள்ளன. காம்.சன்.எக்ஸ்எம்எல்.டபிள்யூஎஸ் என்று தொடங்கி, கனெக்ட்.டைம்அவுட் என்று முடிவது இணைப்பு கிடைக்கும் வரையான நேரம். ரெக்வெஸ்ட்.டைம்அவுட் என்று முடிவது பதில் வரும் வரையான நேரம். மதிப்பு மில்லி விநாடியில், அதுவும் இன்டிஜராகவே இருக்க வேண்டும், ஸ்டிரிங்காகக் கொடுக்காதீர்கள். நான் 5000, 20000 என்று வைப்பது வழக்கம். ஜாவா 8-க்குள்ளேயே உள்ள லைப்ரரியைப் பயன்படுத்துவோர் எக்ஸ்எம்எல் என்பதற்குப் பின் இன்டர்னல் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். பெயர் தவறாக இருந்தால் எர்ரர் வராது, டைம்-அவுட் வேலை செய்யாது, அவ்வளவுதான். எனவே இதைச் சோதித்துப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

விஸ்டில் இருக்கும் இடம்: செக்வாட்சர்வீஸ் ஆப்ஜெக்டை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் விஸ்டில் படிக்கப்படுகிறது. டூலுக்கு இணைய முகவரியைக் கொடுத்திருந்தால் ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து வரும். நம் கம்ப்யூட்டரின் பைல் பெயரைக் கொடுத்திருந்தால், புரோகிராமை வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டு போனதும் கிடைக்காது. விஸ்டிலை உங்கள் ஜார் பைலுக்குள்ளேயே வைத்து, கெட்ரிசோர்ஸ் மூலம் அதன் முகவரியைப் பெற்று கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்துவிடுங்கள். சர்வீஸ் ஆப்ஜெக்டை ஒரு முறை உருவாக்கி வைத்துக் கொள்வதும் நல்லது.

போகும் வரும் மெசேஜைப் பார்க்க: சர்வருக்கு என்ன போகிறது, என்ன வருகிறது என்று பார்க்க ஆசையா? இதற்கு ஹேண்ட்லர் என்ற வசதி உண்டு. சோப்ஹேண்ட்லர் என்ற இன்டர்பேஸை வைத்து ஒரு கிளாஸ் எழுதுங்கள் (குளிக்கிற சோப் அல்ல, வெப் சர்வீஸின் மெசேஜ் முறைக்குத்தான் அந்தப் பெயர்). பால்ட் அல்லாத ஒவ்வொரு மெசேஜும் அதன் ஹேண்டில்மெசேஜ் மெத்தட் வழியாகத்தான் போகும். அங்கே அதைப் பைலில் எழுதி வைக்கலாம், ஹெடர் சேர்க்கலாம். இதை இணைக்கும்போது கெட்ஹேண்ட்லர்செயின் தரும் லிஸ்ட் ஒரு நகல்தான் என்பதை மறக்க வேண்டாம். அதில் சேர்த்துவிட்டு, செட்ஹேண்ட்லர்செயின் மூலம் திருப்பிக் கொடுத்தால்தான் வேலை செய்யும்.

மூன்றாம் இடம்: நம் சொந்தக் கிளாஸ்

இப்போது முக்கியமான பகுதிக்கு வருகிறோம். வியாபார விதிகள் எதுவும் டூல் உருவாக்கிய கிளாஸில் இருக்கக் கூடாது. அவற்றுக்கு நாமே ஒரு கிளாஸ் எழுத வேண்டும். அதன் பெயர் வாட்சோதனை என்று வைத்துக் கொள்வோம். புரோகிராமின் மற்ற பகுதிகள் இந்தக் கிளாஸோடு மட்டுமே பேசும். செக்வாட்போர்ட்டைப் என்ற பெயர் வேறெங்கும் வராது.

இதில் என்னென்ன எழுதலாம்?

நாட்டுக் குறியீடு: கிரீஸ் நாட்டுக்கு எல்லோரும் அறிந்த குறியீடு ஜி.ஆர். ஆனால் வாட் எண்ணில் அது இ.எல். அதேபோல் 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனின் ஜி.பி. எண்களை வீஸ் சோதிப்பதில்லை. வட அயர்லாந்துக்கு மட்டும் எக்ஸ்.ஐ. என்ற குறியீடு உண்டு. இவற்றை அழைக்கும் முன்பே சரி செய்துவிடலாம். எண்ணில் உள்ள இடைவெளி, புள்ளி, ஹைபன் ஆகியவற்றையும் இங்கேயே நீக்கிவிடலாம்.

பெயரும் முகவரியும்: எல்லா நாடுகளும் இவற்றைத் தருவதில்லை. ஜெர்மனி எண்ணுக்கு அந்த இடத்தில் மூன்று சிறு கோடுகள்தான் வரும். அதை அப்படியே பில்லில் அச்சிட்டால் நன்றாகவா இருக்கும்? "தரப்படவில்லை" என்று மாற்றிக் கொள்ளுங்கள்.

மூன்று விடைகள்: ஆரம்பத்தில் மனதில் வைத்துக் கொள்ளச் சொன்ன விஷயம் இதுதான். வீஸ் எல்லா வாட் எண்களையும் தன்னிடம் வைத்திருக்கவில்லை. நாம் கேட்டதும் அந்தந்த நாட்டின் கம்ப்யூட்டரிடம் கேட்டுச் சொல்கிறது. அந்த நாட்டின் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றால் விடை கிடைக்காது. அப்போது செல்லும் என்றும் வராது, செல்லாது என்றும் வராது. பால்ட் என்ற வகை மெசேஜ் வரும். ஜாவாவில் அது சோப்பால்ட்எக்ஸெப்ஷன் ஆகிறது.

இந்த எக்ஸெப்ஷனைப் பிடித்து பால்ஸ் என்று திருப்பித் தரும் கோடிங்கை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். பார்க்க நல்லதுபோல இருக்கும், புரோகிராம் நிற்காது. ஆனால் ஒரு நாட்டின் சர்வர் பராமரிப்புக்காக மூடியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அந்நாட்டு வாடிக்கையாளர்கள் எல்லோருமே "செல்லாத எண்" ஆகிவிடுவார்கள். எனவே பூலியன் போதாது. செல்லும், செல்லாது, தெரியவில்லை என்று மூன்று மதிப்புகள் உள்ள ஈனம் ஒன்றை எழுதி, நம் மெத்தட் அதைத் திருப்பித் தரட்டும். தெரியவில்லை என்று வந்தால் பில்லை நிறுத்தி வைத்துச் சிறிது நேரம் கழித்துக் கேட்கலாம்.

பால்டில் வரும் சொல்லை எப்படி எடுப்பது? கெட்மெசேஜ் என்று அழைத்தால் முன்னால் வேறு வாசகமும் சேர்ந்து வரும். கெட்பால்ட் என்று அழைத்து, அதிலிருந்து கெட்பால்ட்ஸ்டிரிங் என்று எடுங்கள். இன்வாலிட் இன்புட் என்று வந்தால் நாம் அனுப்பியதே தவறான வடிவம், மறுபடி கேட்பதில் பயனில்லை. எம்.எஸ். அனவைலபிள் என்றால் அந்த உறுப்பு நாட்டின் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. சர்வீஸ் அனவைலபிள் என்றால் வீஸே கிடைக்கவில்லை. டைம்அவுட் என்றால் நேரத்துக்குள் பதில் வரவில்லை. முதலாவதைத் தவிர மற்ற மூன்றும் "தெரியவில்லை" ரகம்.

நம் பக்கத்தில் இணையமே அறுந்து போனால் பால்ட் வராது, வெப்சர்வீஸ்எக்ஸெப்ஷன் வரும். அதையும் தனியாகப் பிடியுங்கள். சோப்பால்ட்எக்ஸெப்ஷன் இதன் வழிவந்த கிளாஸ் என்பதால் அதை முதலில் எழுத வேண்டும்.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

நிஜ சர்வர் எப்போது பழுதாகும் என்று காத்திருக்க முடியாது. இதற்காகவே வீஸில் ஒரு சோதனைச் சர்வீஸ் இருக்கிறது. அதன் பெயர் செக்வாட்டெஸ்ட்சர்வீஸ். வாட் எண்ணாக 100 என்று அனுப்பினால் செல்லும் என்று வரும். 200 என்றால் செல்லாது. 201 அனுப்பினால் இன்வாலிட் இன்புட் பால்ட் வரும். 300 என்றால் சர்வீஸ் அனவைலபிள், 301 என்றால் எம்.எஸ். அனவைலபிள், 302 என்றால் டைம்அவுட். நாம் மேலே பார்த்தபடி எண்ட்பாயின்ட் முகவரியை மட்டும் இதற்கு மாற்றினால் போதும், மறுபடி கோடிங் உருவாக்க வேண்டியதில்லை. ஆறு எண்களையும் அனுப்பி, உங்கள் கிளாஸ் சரியான விடையைத் தருகிறதா என்று பாருங்கள்.

பழக்கத்துக்குச் சில குறிப்புகள்

1. டூல் உருவாக்கும் பைல்களுக்குத் தனிப் போல்டர் வையுங்கள். நீங்கள் எழுதும் பைல் ஒன்றுகூட அதற்குள் இருக்கக் கூடாது.
2. விஸ்டில் பிரதி, பைண்டிங் பைல்கள், டூலை ஓட்டும் கமாண்ட் அடங்கிய பேட்ச் பைல், உங்கள் சொந்தக் கிளாஸ்கள் ஆகியவற்றை பேக்-அப் எடுத்து வையுங்கள்.
3. மாதம் ஒரு முறையாவது அந்தத் தனிப் போல்டரை முழுவதும் அழித்துவிட்டு, பேட்ச் பைலை ஓட்டிப் பாருங்கள். புரோகிராம் முன்போலவே கம்பைல் ஆகி ஓடினால் எல்லாம் சரி. ஓடவில்லை என்றால் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.
4. ஒரே போர்ட் ஆப்ஜெக்டைப் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்த விடாதீர்கள். ஒன்று மாற்றிய முகவரியோ டைம்-அவுட்டோ மற்றொன்றைப் பாதிக்கலாம். த்ரெட்டுக்கு ஒரு போர்ட் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

இது பழைய சோப் முறைக்கு மட்டும்தானா என்று கேட்கலாம். இல்லை. ரெஸ்ட் முறைச் சர்வீஸ்களுக்கு ஓபன்ஏபிஐ ஜெனரேட்டர் என்ற டூல் இதே வேலையைச் செய்கிறது. அங்கே அச்சு என்பது மஸ்டாச் டெம்ப்ளேட் பைல்கள். டூலின் பெயர் மாறினாலும் அச்சை மாற்று, வந்ததைத் தொடாதே, உன் விதிகளை உன் கிளாஸில் எழுது என்ற முறை மாறாது.

முதலில் ஒன்றும் மாற்றாமல் டூலை ஓட்டி, ஆறு ஹோல்டர்களுடன் வரும் செக்வாட் மெத்தடைக் கண்ணால் பாருங்கள். பிறகு பைண்டிங் பைல்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, என்ன மாறுகிறது என்று ஒப்பிடுங்கள். கடைசியில் 301 என்ற எண்ணை அனுப்பி "தெரியவில்லை" என்ற விடையைப் பெற்றுவிட்டால் இந்தப் பாடம் உங்கள் கைக்கு வந்துவிட்டது.